வழியும் வழுவும்

வழு என்னுஞ் சொல் எமது கல்லூரியில் இரண்டு அறைகளில் வழங்குவது. தமிழ் வகுப்பறையில் அது திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என நன்னூலார் வகுத்த எழுவகை வழு. விஞ்ஞான ஆய்வுகூடத்தில் அது வேணியர் இடுக்கிமானியின் பூச்சிய வழு. இடுக்கியின் தாடைகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும்போதும் அளவுகோல் பூச்சியத்தைக் காட்டாது சிறிது விலகி நிற்குமாயின், அவ்விலகலை முன்னரே குறித்துக்கொண்டு, பின்னர் எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் அதனைக் கழித்தல் வேண்டுமென மாணாக்கர் முதல் நாளிலேயே கற்பர். சொல் ஒன்றாயினும் இவ்விரு வழுவுக்கும் உறவு யாதுமில்லை என்றே யாம் பல்லாண்டு எண்ணியிருந்தோம்.

அவ்வெண்ணத்தைக் கலைத்தவர் எம்மிடம் பயின்ற பழைய மாணவர் ஒருவர். ஆகாயவிமானக் கருவிகளைப் பேணுந் தொழிலில் அமர்ந்திருக்கும் அவர், சென்ற ஆண்டு விடுமுறையில் எம்மைக் காண வந்தபோது, "ஐயா, விமானத்துக்கு வழி சொல்லும் கருவிகளின் பிழைகளுக்கு எங்கள் தொழிலில் வெவ்வேறு பெயர்கள் உண்டு, அவற்றைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?" என வினவினார். பொருளறியாது பெயரிடுதல் தகாதாதலின் முதலிற் பொருளைக் கற்கப் புகுந்தோம். அவரே பொறுமையுடன் எமக்கு ஆசிரியரானார். அவ்வாறு கற்றதையே மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி ஈண்டு எழுதுகின்றோம். கணிதம் வல்லார் எமது எளிய கணக்கைப் பொறுத்தருள்க.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் புகைவண்டியின் ஒரு பெட்டியிற் பலகணிகளெல்லாம் அடைக்கப்பட்டுள்ளன எனக் கொள்க. வெளியே நிற்கும் மரமோ, நிலையத்தின் பெயர்ப்பலகையோ உள்ளிருப்பவருக்குத் துணையாகா. பெட்டியின் முகட்டிலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்குகின்றது. வண்டி புறப்படும்போது குண்டு பின்னோக்கிச் சாயும். சீரான வேகத்தில் ஓடும்போது நேரே தொங்கும். வண்டியை நிறுத்தப் புகும்போது முன்னோக்கிச் சாயும். இருந்த நிலையிலேயே இருக்க முயலும் பொருள்களின் இவ்வியல்பைச் சடத்துவம் என்பர். குண்டு எவ்வளவு சாய்கின்றது என்பது வேகம் எவ்வளவு விரைவில் மாறுகின்றது என்பதைக் காட்டும். வேகம் மாறும் அவ்வீதத்துக்கு எமது பாடநூல்கள் ஆர்முடுகல் என்று பெயரிட்டிருக்கின்றன. உள்ளிருப்பவர் ஒரு மணிக்கூட்டை வைத்துக்கொண்டு செக்கனுக்குச் செக்கன் ஆர்முடுகலைக் குறித்துக் கூட்டி வருவாராயின் வேகம் கிடைக்கும். அவ்வேகத்தையும் செக்கனுக்குச் செக்கன் கூட்டி வருவாராயின் கடந்த தூரம் கிடைக்கும். புறப்பட்ட இடம் தெரியுமாதலின், பலகணியைத் திறவாமலே வண்டி வவுனியாவை அடைந்ததா, அநுராதபுரத்தைக் கடந்ததா எனக் கூறிவிடலாம். இதுவே சடத்துவ வழிகாட்டல். விமானத்தில் தூக்குக்குண்டின் தொழிலைச் செய்வது ஆர்முடுகல்மானி. மணிக்கூட்டுடன் அமர்ந்து கூட்டுபவரின் தொழிலைச் செய்வது கணினி.

இம்முறையின் பெருமை அது எவரையும் எதனையும் கேளாமை. விண்மீன் வேண்டா, வானொலி வேண்டா, கீழே கரை தெரிய வேண்டுவதில்லை. முகில் மறைத்தாலும் பகைவர் தடுத்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆதலின் இக்கலை போரின் மடியிற் பிறந்ததில் வியப்பொன்றுமில்லை. 1944ஆம் ஆண்டு இலண்டன்மீது ஜேர்மானியர் ஏவிய வீ-2 ரொக்கெற்றில் இதன் குழந்தைப் பருவத்தைக் காணலாம். 1953ஆம் ஆண்டு பெப்புருவரியில் ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சூசெற்சு தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த சாள்சு தாக்கு திரேப்பர் என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடைய தங்கள் கருவியைப் பி-29 விமானத்தில் ஏற்றி, நாட்டின் கீழ்க்கரையிலிருந்து மேல்கரையிலுள்ள உலொசு ஏஞ்சலீசு வரைக்கும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்தியாலம் அக்கருவியின் வழிகாட்டலிற் பறந்தனர்.

எனினும், கேளாமையே பெருமையாயின் அதுவே குறையும் ஆம். தன் கணக்குப் பிழைத்ததென்று சொல்வார் எவரும் அருகில் இல்லாதபோது, பிழை கூடிக்கொண்டே போகும்.

புகைவண்டிக்கே மீள்வாம். தண்டவாளம் சிறிது ஏற்றமாக இருக்குமாயின், வண்டி சீராக ஓடும்போதும் பெட்டியின் தளத்தை நோக்கக் குண்டு பின்னோக்கிச் சாய்ந்தே தொங்கும். உள்ளிருப்பவர் வண்டி ஆர்முடுகுகின்றது என்று குறித்துக்கொள்வார். சரிவையும் ஆர்முடுகலையும் தூக்குக்குண்டு பிரித்தறிய மாட்டாது. எனவே தளம் எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதைச் சொல்ல வேறொரு கருவி வேண்டும். கைரோசுக்கோப்பு என மேனாட்டார் வழங்கும் சுழல்காட்டி அது. விரைந்து சுழலும் பம்பரம் தன் அச்சின் திசையை விடாது பற்றிக்கொள்ளுதலைச் சிறுவரும் அறிவர். அவ்வியல்பைக் கொண்டு விமானம் எப்பக்கம் எவ்வளவு திரும்பிற்று, சாய்ந்தது என்பது அறியப்படும். மூன்று திசைக்கு மூன்று ஆர்முடுகல்மானி, மூன்று சுழல்காட்டி என ஆறும் சேர்ந்ததே ஒரு சடத்துவ வழிகாட்டியின் குறைந்த அளவான குடும்பம்.

இனி வழுக்களைக் காண்பாம். எம் மாணவர் கூறிய பலவற்றுள் நான்கினை முதன்மையாகக் கொண்டு பெயரிட்டோம். ஆர்முடுகல் இல்லாதபோதும் சிறிதளவு உண்டென்றே எப்போதுங் காட்டுவது நிலைவழு. இது வேணியரின் பூச்சிய வழுவே. உள்ளதைக் காட்டும்போது நூற்றுக்கு நூற்றொன்று என்பதுபோல் மிகுத்தோ குறைத்தோ காட்டுவது அளவுவழு. கருவி வடக்கு நோக்கி இருத்தற்குப் பதிலாகச் சற்றே கிழக்குச் சாய்ந்து பொருத்தப்பட்டமையால் ஒரு திசையின் அளவு மற்றொன்றிற் கசிவது அச்சுவழு. காரணங் காணவியலாதபடி கணத்துக்குக் கணம் கூடியுங் குறைந்தும் நடுங்குவது எழுமாற்று வழு.

இவை ஒவ்வொன்றும் வளரும் முறை வேறு. அளவுவழு பயணத்தைப் பொறுத்தது: விமானம் வலப்பக்கம் ஒரு வட்டம் சுற்றினாற் சேரும் பிழை, இடப்பக்கம் ஒரு வட்டம் சுற்றினால் நீங்கிவிடும். எழுமாற்று வழுவோ ஒன்றையொன்று பெரிதும் அழித்துக்கொள்வதனால் மெல்லவே வளரும். சுழல்காட்டியில் அஃது ஒரு மணித்தியாலத்தில் விளைக்கும் கோணப் பிழை இருமடங்காவதற்கு நான்கு மணித்தியாலம் செல்லும். அச்சுவழுவைத் தொழிற்சாலையில் அளந்து கணினிக்குச் சொல்லிவிடலாம். கொடியது நிலைவழுவே. நடுங்காது, ஆரவாரமின்றி, எப்போதும் ஒரே பக்கம் தள்ளிக்கொண்டிருப்பது அது.

அதன் கொடுமையை ஒரு கணக்காற் காட்டுவாம். ஆர்முடுகல்மானி ஒன்றின் நிலைவழு புவியீர்ப்பு ஆர்முடுகலிற் பதினாயிரத்தில் ஒரு பங்கு எனக் கொள்க. மனிதர் எவராலும் உணரவியலாத அளவு இது. வேகத்துக்கு ஒருமுறை, தூரத்துக்கு ஒருமுறை என இருமுறை கூட்டப்படுவதால், இதனால் விளையும் தூரப்பிழை காலத்தின் வர்க்கத்துக்கேற்ப வளரும். ஒரு நிமிடத்தில் 2 மீற்றருக்குங் குறைவு. பத்து நிமிடத்தில் 176 மீற்றர். ஒரு மணித்தியாலத்தில் 6.3 கிலோமீற்றருக்கு மேல். எட்டு மணித்தியாலப் பயணத்தில் 400 கிலோமீற்றருக்கு மேல். கடலைக் கடந்து வரும் விமானம் இவ்வளவு விலகினால் தீவொன்றையே தவறவிட்டுச் சென்றுவிடும்.

ஆயின் உண்மையில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஏன் நிகழ்வதில்லை என்பதே இத்துறையில் எமக்கு மிகவும் இன்பந் தந்த பகுதியாதலின் அதனைச் சற்று விரித்துரைக்க விடை வேண்டுகின்றோம். பூமி தட்டையாயிருந்தால் மேற்சொன்ன கணக்கு அப்படியே பலிக்கும். பூமி உருண்டையாதலின், விமானம் கிழக்கே செல்லச் செல்ல, "கீழ்" என்னும் திசையே சிறிது சிறிதாகத் திரும்பும். ஆதலின் வழிகாட்டி தான் கணக்கிட்ட தூரத்துக்கேற்பத் தன் மட்டத்தையுந் திருப்பிக்கொண்டே செல்லும். இப்பொழுது நிலைவழுவினால், விமானம் ஒரு கிலோமீற்றர் கிழக்கே வந்துவிட்டதென வழிகாட்டி பொய்யாக எண்ணிற்று எனக் கொள்க. அப்பொய்க்கேற்ப மட்டத்தையும் அளவுக்கு மிஞ்சித் திருப்பிவிடும். மட்டம் சாய்ந்தமையாற் புவியீர்ப்பின் ஒரு சிறு பங்கு ஆர்முடுகல்மானியில் விழும். அது விழுவது வழுவுக்கு எதிர்த்திசையில்! பொய் வளர வளர அதனை இழுத்துப் பிடிக்கும் கையும் வலுக்கின்றது. முடிவில் பிழை நின்று, திரும்பி, மீண்டும் பூச்சியத்தை அடைந்து, மறுபடியும் புறப்படுகின்றது, ஊசலாடுகின்றது என்க.

அவ்வூசலாட்டம் ஒருமுறை நிகழ 84.4 நிமிடம் செல்லும். ஜேர்மானிய அறிஞர் மாக்சு சூலர் 1923இல் வெளியிட்ட கட்டுரையில், பூமியின் ஆரை அளவு நீளமுடைய ஊசல் ஒன்று இருக்குமாயின், தன்னைத் தாங்கிய ஊர்தி எவ்வாறு விரைந்தாலும் அது கலங்காது பூமியின் நடுவையே சுட்டும் என்று காட்டினார். அத்தகைய ஊசலின் ஆட்டக்காலமே அந்த 84.4 நிமிடம். அத்துணை நீளமான நூலைக் கட்ட ஒருவராலும் ஆகாது. ஆனால் நூலில்லாமலே கணக்கினால் அவ்வூசலைப் பெட்டிக்குள் அமைத்துவிட்டனர். மேலே கூறிய நிலைவழு, எட்டு மணித்தியாலம் பறந்தாலும் எண்பது மணித்தியாலம் பறந்தாலும், 1.3 கிலோமீற்றருக்கு மேற் பிழை விளைக்க மாட்டாது. கதிரவனைச் சுற்றும் பூமியை வியப்பவர் பலர். பூமியின் உருண்டை வடிவே விமானியின் கணக்கைத் திருத்துகின்றதென்பதை யாம் இதற்குமுன் கேட்டதில்லை.

சுழல்காட்டியின் நிலைவழுவுக்கோ இந்த மன்னிப்பு இல்லை. சுழல்காட்டி தான் அசையாதிருக்கும்போதும் மெல்லத் திரும்புவதாகக் காட்டுவதைப் பெயர்வு என வழங்குவாம். நல்ல விமானக் கருவியின் பெயர்வு மணித்தியாலத்துக்கு ஒரு பாகையின் நூறில் ஒரு பங்கு என்னும் அளவினது. அவ்வேகத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 36,000 மணித்தியாலம், அதாவது நான்கு ஆண்டுக்கு மேல், வேண்டும். இவ்வளவு சிறியதும் பெரும்பிழை விளைப்பது எங்ஙனம் எனின், பூமியின் மையத்தில் ஒரு கலை என்பது நிலப்பரப்பில் ஒரு கடல் மைலாகும். பாகையின் நூறில் ஒரு பங்கு 0.6 கலை. எனவே பிழை மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 0.6 கடல் மைல், அதாவது 1.1 கிலோமீற்றர், வீதம் ஏறிக்கொண்டே செல்லும். 84 நிமிட ஊசலாட்டம் அதன்மேற் சிற்றலைபோல் ஓடும். எட்டு மணித்தியாலத்தில் 9 கிலோமீற்றர். நீண்ட பயணத்துக்கு வழிகாட்டியின் தரம் சுழல்காட்டியின் தரமே என்பது இதனாற் பெறப்படும். அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகள், பத்து மணித்தியாலம் வரையான பறப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறையேனும் பிழை மணித்தியாலத்துக்கு 2 கடல் மைலை விஞ்சலாகாது என வரையறுத்தன.

இதனைக் குறைக்கப் பொறியியலாளர் கையாண்ட வழிகளுள் ஒன்று எம்மைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தது. 1970இற் சேவைக்கு வந்த போயிங் 747 விமானங்களில் அமைந்த கறௌசெல் என்னும் வழிகாட்டியிற் கருவிகளைத் தாங்கும் மேடையை நிமிடத்துக்கு ஒருமுறை இராட்டினம்போற் சுற்றவிட்டனர். பெயரும் இராட்டினம் என்னும் பொருளதே. அரை நிமிடம் கிழக்கே தள்ளும் நிலைவழு அடுத்த அரை நிமிடம் மேற்கே தள்ளுமாதலின், தன் பிழையைத் தானே உண்டுவிடும். நிலைக்குத்தான அச்சில் நிற்கும் சுழல்காட்டிக்கு மட்டும் இவ்வுதவி கிட்டாது. இராட்டினத்தின் நடுக்கம்பம் எத்தனை முறை சுற்றினும் நோக்குந் திசை மேலேதானே.

1980களின் தொடக்கத்தில் வந்த போயிங் 757, 767 விமானங்களிற் பம்பரம் ஒழிந்து ஒளி புகுந்தது. ஒரு மூடிய பாதையில் இரண்டு இலேசர்க் கதிர்கள் எதிரெதிரே ஓடும். பாதை திரும்புமாயின் இரண்டுக்கும் சிறு வேற்றுமை தோன்றும். பிரான்சிய அறிஞர் சாக்குனாக்கு 1913இற் காட்டிய விளைவு இது. தேய்வதற்கு எதுவுமில்லாத இக்கருவிக்கும் ஒரு வழு உண்டு: மிக மெல்லத் திரும்பும்போது இரு கதிரும் ஒன்றோடொன்று பிணைந்து வேற்றுமையைக் காட்டாதொழியும். அதற்கு மருந்து, கருவியை ஓயாது சிறிது குலுக்கிக்கொண்டிருத்தல். தூங்கும் மாணவனை அவ்வப்போது தட்டிவிடுவது போல என்று எம் மாணவர் உவமை கூறினார். எவருடைய வகுப்பை மனத்திற் கொண்டு கூறினாரோ, யாம் கேட்கவில்லை.

பறப்பதற்கு முன் விமானம் அசையாது நிற்கும் ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்குள் வழிகாட்டி இரண்டு செய்திகளைத் தானே அறிந்துகொள்ளும். புவியீர்ப்பைக் கொண்டு மட்டத்தை அறியும். பூமி மணித்தியாலத்துக்கு 15 பாகை சுழலுவதைச் சுழல்காட்டியால் உணர்ந்து வடக்கை அறியும். முற்கூறிய பெயர்வுடைய சுழல்காட்டி நடுக்கோட்டில் வடக்கை 2.3 கலைப் பிழையோடு காணும். எமது யாழ்ப்பாணம் 10 பாகைக்குச் சற்றுக் குறைந்த அகலக்கோட்டில் இருத்தலின் இங்கும் ஏறத்தாழ அவ்வளவே. பின்லாந்தின் எல்சிங்கி 60 பாகையில் இருத்தலின் அங்குப் பிழை இருமடங்காகும். முனைகளில் வடக்கை அறியவே இயலாது.

பூமியின் சுழற்சி அகலக்கோட்டுக்கேற்ப வேறுபட்டுத் தோன்றுமாதலின், விமானி அகலக்கோட்டைத் தவறாகச் சொன்னால் வழிகாட்டி அதனைக் கண்டுகொள்ள முடியும். நெடுங்கோட்டைத் தவறாகச் சொன்னால் தன் புலன்களால் அதனை அறிய மாட்டாது. எல்லா நெடுங்கோட்டிலும் பூமி ஒரேவிதமாகவே சுழல்கின்றது. 2015ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் திகதி சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்படவிருந்த எயர் ஏசியா எக்சு நிறுவனத்தின் எயர்பசு 330 விமானத்தில், 151 பாகை 9.8 கலை என்று எழுத வேண்டிய இடத்தில் 15 பாகை 19.8 கலை என்று எழுதப்பட்டுவிட்டது. சில இலக்கங்கள் இடம் மாறிய அளவே. விமானம் தான் ஆபிரிக்காவின் தென்முனைக்கு அணித்தான கடலில் நிற்பதாக எண்ணிற்று. பிழை 11,000 கிலோமீற்றருக்கு மேல். பறந்த பின்னர் எச்சரிக்கைகள் எழுந்தன. வானிலை மோசமானமையாற் சிட்னிக்கு மீள இயலாது மெல்பேணில் இறங்கியது. எண் கணக்கில் இலக்கம் இடம் மாறினால் நாம் ஒரு புள்ளி குறைத்து விட்டுவிடுகின்றோம்.

உயரத்தின் கதை இதற்கும் வேறானது. கிடையாக நிகழும் பிழையைப் புவியீர்ப்பு இழுத்துப் பிடிக்கின்றது எனக் கண்டோம். மேல் கீழ்த் திசையில் அதே புவியீர்ப்பு பகையாகின்றது. உயரம் கூடக் குறையும் ஈர்ப்பைக் கழித்தே கணக்கிட வேண்டியிருத்தலின், உயரத்திற் சிறு பிழை நேர்ந்தால் அது மேலும் பிழையை விளைத்து, ஏறத்தாழ ஆறரை நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்துச் செல்லும். ஆதலின் உயரத்துக்கு மட்டும் வழிகாட்டி தன் தனிமைத் தவத்தைக் கைவிட்டு வளியமுக்கமானியின் துணையை நாடும். பிற்காலத்தில் வளியமுக்கம், வளிவேகம் ஆகியவற்றை அளக்கும் பகுதியையும் சடத்துவப் பகுதியையும் ஒரே பெட்டியில் அடக்கினர். அத்தகைய பெட்டி ஒன்றினாலே விளைந்த நிகழ்ச்சியை இனிக் கூறுவாம்.

2005ஆம் ஆண்டு ஓகஸ்டு 1ஆம் திகதி, மலேசிய விமான நிறுவனத்தின் போயிங் 777 விமானம் ஒன்று அவுஸ்திரேலியாவின் பேர்த்து நகரிலிருந்து கோலாலம்பூர் நோக்கிப் புறப்பட்டது. 38,000 அடி உயரத்தைக் கடந்து ஏறிக்கொண்டிருக்கையில், எவரும் இயக்காமலே அதன் மூக்கு மேலெழுந்தது. 41,000 அடி வரையும் ஏறிற்று. வேகமானியில் மணிக்கு 270 கடல் மைலாக இருந்த வேகம் 158 ஆக வீழ்ந்தது. வேகம் போதாது, விமானம் விழப்போகின்றது என்னும் எச்சரிக்கையும், வேகம் மிகுந்துவிட்டது என்னும் எச்சரிக்கையும் ஒரே வேளையில் தோன்றின. இரண்டும் உண்மையாக இருத்தல் இயலாது. எது உண்மையென்று கருவியைக் கேட்கவும் இயலாது, கருவியே பொய்த்துவிட்டது. விமானி தானியங்கியை நீக்கிவிட்டு மூக்கைத் தாழ்த்தினார். சற்றுப் பின்னர் விமானம் மீண்டும் ஒருமுறை மேலெழுந்தது. எனினும் அவர் அதனைக் கையால் அடக்கிப் பேர்த்துக்கே திருப்பிக் கொணர்ந்து இறக்கினார். ஒருவருக்கும் காயமில்லை.

அவுஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் ஆராய்ந்து கண்ட காரணம் இது. அப்பெட்டியில் ஆறு ஆர்முடுகல்மானிகள் இருந்தன. மூன்று போதுமாயினும், ஒன்றிரண்டு பழுதுற்றாலும் பறப்புத் தடைப்படாதிருக்க ஆறு வைத்திருந்தனர். 2001ஆம் ஆண்டு யூன் மாதத்திலேயே ஐந்தாவது மானி பழுதுற்று மிகைப்பட்ட பொய்யளவுகளைக் காட்டத் தொடங்கியது. பெட்டி அதனைக் கண்டறிந்து, குறித்துக்கொண்டு, ஒதுக்கி வைத்தது. மற்றவை நலமாயிருந்தமையாற் பெட்டியை எவரும் கழற்றவில்லை. விதிப்படி கழற்ற வேண்டியதும் இல்லை. நான்கு ஆண்டு கழிந்தது. அந்த ஓகஸ்டு நாளில் ஆறாவது மானியும் பழுதுற்றது. பெட்டி ஆறாவதையும் முறைப்படி ஒதுக்கியது. ஆனால் அதன் கணினி நிரலில் இருந்த ஒரு வழுவினால், முன்னரே ஒதுக்கப்பட்டிருந்த ஐந்தாவதை மீண்டும் சபைக்கு அழைத்துக்கொண்டது. அது நான்கு ஆண்டுக்கு முன் கூறிய பொய்யையே மீண்டுங் கூறிற்று. அப்பொய் தானியங்கி விமானிக்குச் சென்றது.

இதனைக் கேட்டபோதுதான் தமிழ் வகுப்பறை எமக்கு நினைவு வந்தது. எமது இலக்கணம் வழாநிலை, வழு என்னும் இரண்டோடு நில்லாது வழுவமைதி என மூன்றாவதொன்றையுங் கூறும். பசுவொன்றை அன்பு மிகுதியாற் பெண்ணாக்கி உயர்திணையாற் கூறினால் அது வழுவே; ஆயினும் காரணம் தெரிந்திருத்தலின் அமைத்துக்கொள்ளப்படும். மறைக்கப்படுவதன்று, இன்னது பற்றி அமைந்தது என எழுதிவைக்கப்படுவது. கருவியாளரின் தொழிலும் பெரும்பாலும் இதுவே. ஒவ்வொரு கருவியின் நிலைவழுவும் பல வெப்பநிலைகளில் அளந்து எழுதப்பட்டு, அதன் கணினியிற் பதியப்படுகின்றது. 1960இல் இருடோல்பு கால்மான் வெளியிட்ட கணிதமுறையைக் கொண்டு, பறக்கும்போதே செய்மதி போன்ற பிற துணைகளுடன் ஒப்பிட்டு, எஞ்சிய வழுவும் கணத்துக்குக் கணம் மதிப்பிடப்படுகின்றது. வழுவை முற்றும் ஒழித்த கருவி உலகில் இல்லை. இத்துணைப் பயணங்கள் பிழையின்றி முடிவது வழுவமைதியினாலே. பேர்த்து விமானத்தில் ஐந்தாவது மானியின் வழு அறியப்பட்டிருந்தது, எழுதப்பட்டும் இருந்தது. எழுதியதைக் கணக்கு மதிக்கவில்லை. அம்மாதமே அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரபீடம், அப்பெட்டியில் நிரலின் முந்திய பதிப்பையே மீண்டும் ஏற்றுமாறு கட்டளையிட்டது.

செய்மதிகள் வந்த பின்னர் இக்கலை தேவையற்றுப் போகுமெனச் சிலர் கருதினர். 2024ஆம் ஆண்டு ஏப்பிரலின் இறுதியில், செய்மதிச் சமிக்ஞை குழப்பப்பட்டமையாற் பின்லாந்தின் பின்னெயர் விமானங்கள் எசுத்தோனியாவின் தாட்டு நகரில் இறங்கவியலாது திரும்பின. அந்நகருக்கான சேவை ஏறத்தாழ ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. செய்மதி மௌனமான அக்கணம் முதல் விமானத்துக்குத் தன் உள்ளே உள்ள வழிகாட்டியும், நிலத்து வானொலி நிலையங்கள் இருப்பின் அவையுமே துணை. செய்மதி இருந்தபோது எவ்வளவு நன்றாக வழுவை மதிப்பிட்டு வைத்தோமோ அவ்வளவு நேரம் நம்பலாம். இறங்குதுறையின் ஓடுபாதை ஐம்பது மீற்றர் அகலமே உடையது. மணித்தியாலத்துக்கு ஒரு கிலோமீற்றர் விலகும் கருவி கடலைக் கடக்க உதவும்; ஓடுபாதையைக் காட்டித் தராது.

எம் மாணவருக்கு நான்கு வழுவின் பெயரையும் எழுதி அனுப்பினோம். நிலைவழு, அளவுவழு, அச்சுவழு மூன்றையும் உடனே ஏற்றுக்கொண்டார். எழுமாற்று வழு அவர் முன்னரே பாடநூலிற் கண்டது. பெயர்வு என்னுஞ் சொல்லிலேதான் எமக்கும் அவருக்கும் இன்னும் உடன்பாடில்லை. அச்சொல் இடம் மாறுதலைக் குறிக்கின்றதேயன்றி, தான் அறியாமலே மெல்ல இழுபட்டுப் போதலைக் குறிக்கவில்லை என்பது அவர் வாதம். நங்கூரமிடாத தோணி நீரோட்டத்தில் அவ்வாறு இழுபடுதலைக் கூற வடமராட்சி, தீவகம் முதலிய கரைகளில் தனிச்சொல் ஏதேனும் வழங்குமாயின், அறிந்த பழைய மாணவர் கல்லூரி முகவரிக்கு எமக்கு எழுதுவாராக.